வீட்டுச் சூழலுக்கு ஊறு விளைவித்தவள்

மறதி நோய்ப் பராமரிப்பு நிலையத்தின் பழைய பலகையைக் கழற்றிவிட்டு 'நம் வீடு' என்று புதுப் பலகை மாட்டிய அன்று, அங்கே நர்ஸாக இருந்த சின்ன சிஸ்டர் ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். பலகை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஏணி மேலிருந்தவனிடம் அதைச் சொன்னாள்.

"வீடுன்னா அப்படி இப்படித்தான் சிஸ்டர் இருக்கும்" என்றான் அவன். பலகை மாட்டுகிறவனுக்குக்கூடப் பயிற்சி வகுப்பு நடத்தியிருப்பார்கள் போலிருக்கிறது.

தெருவில் அவளுக்குச் சின்ன சிஸ்டர் என்றுதான் பெயர். பெரிய சிஸ்டர் அவளுடைய அம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வார்டுக்குள் வருகிற செருப்புச் சத்தம் கேட்டதுமே நோயாளிகள் இருமலைப் பாதியில் நிறுத்திக்கொள்வார்களாம். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். காரியம் முடிந்த கையோடு டியூட்டிக்குப் போனவள் என்று அந்தக் காலத்துத் தெரு அவளைப் பற்றி முணுமுணுத்தது. மற்றபடி தெருவுக்குக் காய்ச்சல் வந்தால் அவளிடம்தான் ஓடியது.

ஒரே பெண். அந்தப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தது என்று சொன்னால் தப்பில்லை. வெள்ளை உடுப்பு தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நிற்கும். அம்மா ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பிப் பார்த்தால் நேரமாகிவிடுமே. அப்படி வளர்ந்த பெண், உலகத்தில் வேறு வேலையே இல்லாத மாதிரி அதே நர்ஸ் படிப்புக்குப் போனபோது அக்கம்பக்கத்தில் பலருக்கும் பல கருத்து. "அவங்கம்மாவைப் பார்க்கணும்னா அங்கதானே போயாகணும்" என்றாள் மாடி வீட்டு அக்கா. சும்மா சொல்லக் கூடாது, அவள் வாயில் சில நேரம் உண்மையும் வரும்.

பெரிய சிஸ்டருக்கு மறதி வந்து மகள் வீட்டில் இருந்த காலத்தில், தினமும் விடிந்ததும் தலையை வாரிக்கொண்டு, தோளில் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். மறதிக்காரர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போகணும் என்றுதான் கேட்பார்கள். இவள் வீட்டிலிருந்து டியூட்டிக்குப் போகணும் என்றாள். சின்ன சிஸ்டரின் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருப்பவர். அவர்தான் பஸ் நிறுத்தம் வரை போய், பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவருவார்.

"யாருய்யா நீ? நோயாளிக்குச் சொந்தமா?" என்பாள் வழியெல்லாம்.

"சொந்தந்தான் சிஸ்டர். மருமகன்."

"அப்ப பார்வையாளர் நேரத்துல வா."

மகளையும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "ஏம்மா, நீ எந்த வார்டு?" என்று ஒவ்வொரு காலையும் புதிதாகக் கேட்பாள். சின்ன சிஸ்டர் சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள்.

கடைசியில், தான் வேலை பார்க்கிற நிலையத்திலேயே, பணியாளர் குடும்பத்துக்கென்று இருந்த இடத்தில் அம்மாவைச் சேர்த்தாள். அப்போது அது நிலையமாகத்தான் இருந்தது. நீளக் கூடம், இரும்புக் கட்டில்கள், வெள்ளை விரிப்பு, கிருமிநாசினி வாசனை, ஒரு சக்கரம் கீச்சிடுகிற மருந்து ட்ராலி. உள்ளே நுழைந்த பெரிய சிஸ்டர் மூச்சை இழுத்துவிட்டாள். தோளிலிருந்து பையை இறக்கினாள். அந்தப் பை அத்தனை மாதத்தில் முதல் தடவையாக மேஜை மேல் உட்கார்ந்தது.

அதற்கப்புறம் அவள் யாருக்கும் தொந்தரவில்லை. ட்ராலி கிளம்பினால் கூடவே போவாள். ஒவ்வொரு கட்டிலிலும் விரிப்பின் மூலையை இழுத்துச் செருகுவாள். மகளுக்குப் 'புதுப் பொண்ணு' என்று பெயர் வைத்தாள்.

"புதுப் பொண்ணு! மூலையை இப்படியா மடிக்கிறது? உங்கம்மா உனக்கு ஒண்ணும் சொல்லித் தரலையா?"

"அவங்களுக்கு நேரம் இருந்ததில்ல சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே சின்ன சிஸ்டர் விரிப்பைப் பிரித்து மறுபடி மடிப்பாள். நரை விழுந்த புதுப் பொண்ணு. ஆனாலும் அம்மாவோடு முழுப் பகலும் கூடவே நடக்க வாய்த்தது அவளுக்கு அந்தக் காலம்தான். வேண்டுமென்றே மூலையைத் தப்பாக மடித்தாள் என்றுகூட நெட்டை சிஸ்டர் சொல்வாள். நெட்டை சிஸ்டர் அவளோடு வேலை பார்த்தவள். கேலி பேசினாலும் கோள் சொல்லாதவள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இயக்குநர் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போனார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அங்கே சில படங்கள் காட்டினார்களாம். திரும்பி வந்தவர் எல்லாரையும் கூடத்தில் கூட்டினார்.

"நம்ம குடும்பத்தினர்" என்று ஆரம்பித்தார். நோயாளி என்ற சொல் அன்று காலையிலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. "நம்ம குடும்பத்தினர் தினமும் என்ன கேக்கறாங்க? வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும். நாமளும் நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்னு பொய் சொல்றோம். எத்தனை நாளைக்குப் பொய் சொல்றது? இனிமே பொய்யே கிடையாது. இதுதான் உங்க வீடுன்னு சொல்லிடப் போறோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். முன் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவரும் எழுந்து தட்டினார்.

"வீட்டோட அருமை எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு இங்க யாருக்கும் தெரியாது" என்று இயக்குநர் குரல் தழுதழுக்கச் சொன்னார். "ஏன்னா நான் வீட்டுலயே இருக்கறதில்ல."

கூடவே சூழல் ஆலோசகர் என்று ஒருவர் வந்தார். ஊர் ஊராக ஓட்டல்களில் தங்கி வீட்டுச் சூழலை உருவாக்குகிறவர். கைப்பெட்டியைக் கீழே வைக்காமலே பேசினார். "வீடுங்கறது சுவர் இல்ல. அது ஒரு உணர்வு. ஆனா உணர்வைச் சுவர் இல்லாம எங்க மாட்டறது? அதனால சுவருக்கு என்ன வண்ணம்ங்கறதுதான் இப்போதைக்குக் கேள்வி."

அடுத்த சில வாரங்களில் அந்தக் கேள்விக்கு இளமஞ்சளில் பதில் கிடைத்தது. இரும்புக் கட்டில்கள் போய்ப் பூப்போட்ட மெத்தைகள் வந்தன. ட்ராலி பின்பக்கச் சாமான் அறைக்குப் போனது. மாத்திரைகள் ரிப்பன் கட்டிய கூடைக்குள் போயின. கிருமிநாசினி வாசனை வெளியேறி மல்லிகை என்று புட்டியில் எழுதிய ஒரு வாசனை குடியேறியது. ஒரு மூலையில் சமையலறை முளைத்தது. அதில் அடுப்பு எரியாது, குழாயில் தண்ணீர் வராது, அலமாரி சுவரில் வரைந்தது. அங்கே தங்கியிருந்த ஒரு டீச்சரம்மா அந்த வரைந்த இழுப்பறையை இழுத்து இழுத்துப் பார்த்து விரல் நகம் தேய்ந்துபோனாள். ஆலோசகர் எழுதிக்கொண்டார்: வீட்டு வேலைகளில் ஈடுபாடு.

சுவரில் குடும்பப் படங்கள் வேண்டுமே. அவரவர் வீட்டிலிருந்து வந்த படங்கள் ஒவ்வொன்றும் ஒரு அளவு. பார்க்க நன்றாக இல்லை என்று சாக்கில் கட்டிவைத்தார்கள். அதற்குப் பதில் ஒரே அளவில் சட்டங்கள் வாங்கி, கடையிலேயே உள்ளே செருகியிருந்த மாதிரிப் படங்களோடு அப்படியே மாட்டினார்கள். முன்பின் தெரியாத ஜனங்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அவர்களில் ஒரு மீசைக்காரரைக் காட்டி, "இவன் இன்னும் டிக்கெட் வாங்கல" என்றார். தினமும் சொன்னார். ஆலோசகர் எழுதிக்கொண்டார்: உறவினரை நினைவுகூர்கிறார்.

இதெல்லாம் பொருட்கள். மனுஷர்கள் பக்கம் அப்புறம்தான் வந்தார்கள்.

நர்ஸ்கள் வெள்ளை உடுப்பைக் கழற்றி மூட்டை கட்ட வேண்டும். வீட்டு உடுப்பில் வர வேண்டும். வந்ததும் அறிவிப்புப் பலகையில் அந்த வாரத்து உறவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். யாருக்கு யார் மகள், யாருக்கு யார் மருமகள், யார் சின்னம்மா என்று அதில் போட்டிருக்கும். முதல் வாரம் சின்ன சிஸ்டர் கண்டக்டருக்கு மைத்துனி என்று வந்தது. கண்டக்டருக்கு மைத்துனியே கிடையாது. மனுஷர் கல்யாணமே செய்துகொள்ளாதவர்.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. பெரிய சிஸ்டருக்கு மகள்: நெட்டை சிஸ்டர்.

சின்ன சிஸ்டர் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். அந்த ஒரு அறை மட்டும் இன்னும் ஆபீஸாகவே இருந்தது.

"சார், அவங்க என்னோட சொந்த அம்மா."

"அதுதாம்மா பிரச்சினையே. சொந்தம்னு வந்துட்டா உணர்ச்சிவசப்படுவீங்க. உறவுல உணர்ச்சி கலந்தா சூழல் கெட்டுடும்."

"நான் பொண்ணு சார்."

"இருக்கலாம். ஆனா அந்த சிஸ்டர் மகளாகப் பயிற்சி எடுத்திருக்காங்க. சான்றிதழ் இருக்கு. உங்களுக்கு இருக்கா?"

சின்ன சிஸ்டருக்கு இல்லை. வெளியே வந்து கண்டக்டர் பக்கத்தில் மைத்துனியாக உட்கார்ந்தாள். "டிக்கெட்?" என்றார் அவர்.

வீடு என்றால் சண்டை இல்லாமலா என்று அடுத்து ஆலோசகருக்குத் தோன்றியது. அளவான சண்டை மனதுக்கு நல்லதாம். மத்தியான டீக்கு அப்புறம் மாமியார் மருமகள் சண்டை ஒன்று ஏற்பாடாயிற்று. மாமியாராகவும் மருமகளாகவும் நிறுத்தப்பட்ட இரண்டு நர்ஸ்களுக்கும் லீவு மாற்றிக்கொண்டதில் ஏற்கெனவே ஒரு பழைய கணக்கு. எழுதிக்கொடுத்த வசனம் இரண்டாவது வரியிலேயே தீர்ந்துபோனது, சண்டை தீரவில்லை. டீச்சரம்மா ஓரமாக ஒண்டிக்கொண்டு அழுதாள். சண்டை இயல்பாக அமைந்திருந்ததாக ஆலோசகரிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

டியூட்டி முடிகிற மணியையும் எடுத்துவிட்டார்கள். கைக்குழந்தைக்காரியான ஒரு நர்ஸ், எத்தனை மணிக்கு சார் வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டாள்.

இயக்குநர் உண்மையாகவே புரியாமல் பார்த்தார். "வீட்டுலேருந்து யாராவது வீட்டுக்குப் போவாங்களாம்மா?"

அவள் அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டாள். இன்னொருத்தியும் போனாள். இருந்தவர்களுக்கு இரண்டு மூன்று குடும்பங்களில் ஒரே நேரத்தில் மகளாக இருக்க நேர்ந்தது. பணியாளர் மனநலத்துக்கென்று ஒரு வாசகத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினார்கள்: 'வீட்டுக் கவலைகளை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.' எந்த வீட்டுக் கவலையை எந்த வீட்டுக்குள் என்று கேட்க யாருக்கும் தெம்பில்லை.

தலைமை நர்ஸ் ஓய்வு பெற்றபோது அடுத்தது சின்ன சிஸ்டர்தான் என்று வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலி. வேறு ஆஸ்பத்திரியாக இருந்தால் என்ன, நாற்காலி அதே நாற்காலிதான் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தாள்.

"வீட்டுல தலைமை நர்ஸ் உண்டா? கிடையாது" என்றார் இயக்குநர். "அதனால அந்தப் பதவியை எடுத்துட்டோம். ஆனா மூத்த மருமகள் உண்டு. அங்கீகாரக் குழு வந்து போகட்டும், எல்லாம் நல்லபடியா நடந்தா உங்களைத்தான் மூத்த மருமகளாப் போடறதா இருக்கோம்."

"மூத்த மருமகளுக்கு என்ன பொறுப்பு சார்?"

"எல்லாப் பொறுப்பும்."

"அதிகாரம்?"

"நல்லா கேட்டீங்க போங்க. எந்த வீட்டுலம்மா மூத்த மருமகளுக்கு அதிகாரம் இருந்திருக்கு?"

இந்தக் கூத்துக்கெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். பெரிய சிஸ்டரால் முடியவில்லை.

ட்ராலி போன அன்றே அவள் மேஜை மேலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பூப்போட்ட மெத்தையில் உட்கார மறுத்தாள். "இது யார் வீடு? எனக்கு யார் வீட்டுலயும் உட்கார நேரமில்ல. வார்டுல ஆளே இருக்காது." வாசலைத் தேடிப் போனாள். யாரும் வெளியே போகாமல் இருக்க வாசல் கதவில் புத்தக அலமாரி மாதிரிப் படம் ஒட்டியிருந்தார்கள். அந்தக் காகிதப் புத்தகங்களுக்கு முன்னால் பையோடு நின்றாள். "வாசல் எங்கய்யா? நோயாளி வந்தா எப்படி உள்ள வருவான்?"

சாப்பாடு வைத்தால் டியூட்டியில் போய்ச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றாள். தூக்கம் போனது. நெட்டை சிஸ்டர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நான்தான் உங்க பொண்ணு" என்றாள்.

பெரிய சிஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "என் பொண்ணு சின்னக் குழந்தை. நீ பனைமரமாட்டம் இருக்கே."

கூடத்தின் மறுபக்கத்திலிருந்து, கண்டக்டர் பக்கத்திலிருந்து, சொந்த மகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாரத்துக்கு ஒரு முறை வரும் டாக்டரிடம் ஆலோசகர் பேசினார். இந்த அம்மாள் வீட்டுச் சூழலுக்கு மனம் திறக்கவில்லை, குழு வருகிற நேரம் என்றார். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். பெரியவர்கள் பகலில் தூங்குவது வீடுகளில் இயல்புதானே என்று இயக்குநரும் சொன்னார். நர்ஸ்கள் தங்களுக்குள் அதை 'இயல்பு மாத்திரை' என்று சொல்லிக்கொண்டார்கள். அதற்கப்புறம் பெரிய சிஸ்டர் பூப்போட்ட நாற்காலியில் கழுத்து தொங்க உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. பையின் வார் மேல் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது.

சின்ன சிஸ்டர் ஒரு துணியோடு போய் அதைத் துடைத்தாள். மைத்துனி கண்டக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆலோசகர் பெட்டியை ஆட்டிக் காட்டினார்.

"அக்கா" என்று நெட்டை சிஸ்டர் அன்று மாலை காதோடு சொன்னாள், "நான் பாதி மாத்திரைதான் குடுக்கறேன். மீதி பாருங்க, என் பாக்கெட்டுல கிடக்கு. பொண்ணுன்னு எழுதிப் போட்டுட்டாங்களே, அந்த அளவுக்காவது செய்ய வேணாமா?"

சின்ன சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கீகாரக் குழு வந்தது. தலைவியம்மாவும் இரண்டு பேரும். கூடத்தில் எல்லாரும் அவரவர் இடத்தில். ஒருத்தி எரியாத அடுப்பின் மேல் காலிப் பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தி ஊசியில்லாமல் எதையோ தைத்தாள். இது யார் வீடு என்று கேட்டால் நம்ம வீடு என்று சொல்ல வேண்டும் என்று பல நாளாக எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தார்கள். தலைவியம்மா முதலில் கண்டக்டரிடம்தான் கேட்டாள்.

"உள்ள போங்க, உள்ள போங்க. வாசல்ல நிக்காதீங்க" என்றார் அவர்.

"எவ்வளவு அன்பா உள்ள கூப்பிடறார்!" என்று தலைவியம்மா உருகினாள். இயக்குநரும் உருகினார்.

அடுத்து பெரிய சிஸ்டர். தலைவியம்மா குனிந்து தோளைத் தட்டி எழுப்பினாள். "அம்மா, இது யார் வீடு?"

பெரிய சிஸ்டர் கண்ணைத் திறந்தாள். பாதி மாத்திரைக் கண். பூக்களைப் பார்த்தாள், சுவரில் சிரிக்கிற ஜனங்களைப் பார்த்தாள், மேலே குனிந்திருந்த முகங்களைப் பார்த்தாள். உதடு கோணியது. பிறகு, திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிப்போன பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தாள்.

"என்னை வார்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. யாராவது கூட்டிட்டுப் போங்க. அங்க ஆளு இல்ல. எல்லாம் காத்துட்டிருக்கும்."

சின்ன சிஸ்டர் தன் அம்மா அழுது பார்த்ததில்லை. அப்பா போன அன்றுகூடப் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் நின்றாள். மூத்த மருமகள் பதவி அவள் கண் முன்னால் வந்ததா, வந்து போனதா, தெரியாது. கண்டக்டரிடம், "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள்.

முதலில் சத்தம்தான் வந்தது. கீச், கீச் என்று ஒரு சக்கரம். பிறகு ட்ராலி. பிறகு மூட்டையிலிருந்து உருவிய, கசங்கிய வெள்ளை உடுப்பில் சின்ன சிஸ்டர்.

"குட்மார்னிங் சிஸ்டர்."

அழுகை அப்படியே நின்றது. பெரிய சிஸ்டர் முதுகை நிமிர்த்தினாள். புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஏம்மா இவ்வளவு லேட்டு?"

"பஸ் கிடைக்கல சிஸ்டர்."

"எல்லாருக்கும் பஸ் கிடைக்குது, உனக்கு மட்டும் கிடைக்காது. சரி, தள்ளு."

எழுந்தாள். பையை நாற்காலியில் வைத்தாள். ட்ராலி நகர்ந்தது. டீச்சரம்மா வரைந்த இழுப்பறையை விட்டுவிட்டு, நாடி பார்க்கக் கையை நீட்டினாள். கண்டக்டர் தெர்மாமீட்டருக்கு வாயைத் திறந்துவைத்துக்கொண்டார். மருமகள்களும் சின்னம்மாக்களும் தங்களை அறியாமல் நேராக நின்றார்கள்.

பெரிய சிஸ்டர் குழுவைப் பார்த்தாள். "பார்வையாளர் நேரம் முடிஞ்சுது. கூட்டம் போடாதீங்க, காத்து வரட்டும்." பிறகு இயக்குநரைப் பார்த்தாள். "நீ யாருக்குச் சொந்தம்?"

"நான்… யாருக்கும் இல்லம்மா."

"அப்புறம் உனக்கு இங்க என்ன வேலை?"

அவருக்கு வியர்த்தது. ஆனால் சும்மாவா இயக்குநர் ஆனார்? தலைவியம்மா பக்கம் திரும்பி, "வீட்டுக்கு வந்து பார்த்துட்டுப் போற நர்ஸ், மேடம். பெரியவங்க இருக்கற வீட்டுல அது இயல்புதானே?" என்றார்.

"வெளியிலேருந்து வர நர்ஸைக்கூட விடாம யோசிச்சிருக்கீங்களே!" என்றாள் தலைவியம்மா. "இவ்வளவு தத்ரூபமா நான் எங்கேயும் பார்த்ததில்ல." நூற்றுக்கு நூறு கிடைத்தது.

மறுநாள் சின்ன சிஸ்டரைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க செஞ்சதாலதான் நமக்கு முழு மதிப்பெண். அதை நான் மறுக்கல" என்றார் இயக்குநர். "ஆனா நீங்க செஞ்சது தப்பு. வீட்டுச் சூழலுக்கு ஊறு விளைவிச்சிருக்கீங்க. இதே நிலையமா இருந்தா வேலை நீக்கம் பண்ணியிருப்பேன். வீடாச்சே! வீட்டுலேருந்து யாரையும் வேலை நீக்கம் பண்ண முடியாது. அதனால உறவை முறிச்சுக்கறோம்."

"என் அம்மா?"

"அது பணியாளர் குடும்பத்துக்கான இடம். நீங்களே உறவு இல்லன்னு ஆனப்புறம் அவங்க எப்படி உறவாவாங்க? யோசிச்சுப் பாருங்க."

சின்ன சிஸ்டர் யோசித்துப் பார்த்தாள். "அந்தப் பழைய ட்ராலியாவது குடுப்பீங்களா சார்? சாமான் அறையில சும்மாதானே கிடக்கு."

"அது நிலையத்தோட சொத்தும்மா."

"எந்த நிலையம் சார்?"

அவள் அம்மாவையும் பையையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். காகிதப் புத்தக அலமாரியை நெட்டை சிஸ்டர்தான் திறந்துவிட்டாள். ட்ராலி வெளியே வரவில்லை. பையைத்தான் யாரும் திறந்து பார்க்கவில்லை. வெள்ளை உடுப்பு அதற்குள் மடிந்திருந்தது.

அந்த முழு மதிப்பெண்ணுக்காக நடந்த விருது விழாவில் இயக்குநர் பேசியதைத் தெருவே டிவியில் பார்த்தது. "இந்த விருதை என் அம்மாவுக்குச் சமர்ப்பிக்கிறேன். அவங்களும் மறதியிலதான் இருக்காங்க. நம்ம வீட்டுல கூட்டம் ஜாஸ்தி, அவங்களுக்குச் சத்தம் ஆகாதுன்னு வேற இடத்துல வச்சிருக்கேன். நல்ல இடம். நான் இன்னும் போய்ப் பார்க்கல. பார்த்தவங்க சொன்னாங்க."

சின்ன சிஸ்டருக்கு அப்புறம் வேறு வேலை கிடைக்கவில்லை. வேலையை விட்டதற்குக் காரணம் என்ற இடத்தில் 'உறவு முறிவு' என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். போன இடமெல்லாம் அவளைப் புருஷனைப் பிரிந்தவள் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள். வேலை யாரும் கொடுக்கவில்லை.

"ஒண்ணா இருந்தும் என் மானத்தை இப்படி வாங்கிட்டியே" என்று வீட்டுக்காரர் சிரிக்கவைக்கப் பார்த்தார். பார்த்துவிட்டு, முன்னறையைக் காலி செய்தார். சோபாவை விற்றார்கள். பழைய இரும்புக் கட்டில் ஒன்று வாங்கி வெள்ளை விரிப்பு போட்டார்கள். தரையைக் கிருமிநாசினி ஊற்றித் துடைத்தார்கள். டீ வைக்கிற சின்ன மேஜைக்கு, கடையில் கிடந்த குழந்தை சைக்கிள் சக்கரங்களை மாட்டி ட்ராலி செய்தார் வீட்டுக்காரர். எண்ணெய் போட்டதும் அது வழவழவென்று ஓடியது. பெரிய சிஸ்டர் அதைத் திரும்பியே பார்க்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். ஒரு சக்கரத்து எண்ணெயை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, கொஞ்சம் மணலும் தூவினார். "சத்தம் வராம ஓட்டறதுக்குத்தான் ஆயுசு பூரா கத்துக்கிட்டேன். இப்ப பாரு" என்றார். சக்கரம் கீச்சிட்டது. பெரிய சிஸ்டர் பையை இறக்கி வைத்தாள். "வார்டு பாய், அந்தப் பக்கம் தள்ளு" என்றாள். அன்றிலிருந்து அவர் வார்டு பாய். கடையில் வந்து கேட்கிறவர்களிடம், பதவி உயர்வு என்று சொல்லிக்கொள்கிறார்.

சின்ன சிஸ்டர் காலையில் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு தன் வீட்டிலேயே டியூட்டிக்கு வருவாள். வேலை போயும் உடுப்பு போகவில்லையே என்று தெருவில் ஒரு பேச்சு. சாயங்காலம் டியூட்டி முடிய வேண்டுமே, அதுதான் சிக்கல். முடியாவிட்டால் பெரிய சிஸ்டர் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆகவே முன்வாசல் வழியாகக் கிளம்பி, தெருவோடு நடந்து, முனையில் திரும்பி, சந்து வழியாகச் சுற்றிப் பின்வாசலுக்கு வந்து, துணி மாற்றிக்கொண்டு சமையல் செய்வாள். மாடி வீட்டு அக்கா முதலில் சிரித்தாள். பிறகு அந்த நேரத்துக்குச் சந்தில் கிடக்கும் தன் வாளி, குடங்களை நகர்த்திவைக்க ஆரம்பித்தாள்.

ஒரு சாயங்காலம் விரிப்பின் மூலையை மடித்துக்கொண்டிருந்தாள். பெரிய சிஸ்டர் பார்த்துவிட்டு, "இன்னிக்குப் பரவாயில்ல" என்றாள். பிறகு, "நேரமாச்சு, நீ கிளம்பு புதுப் பொண்ணு. வீட்டுல உனக்காக யாராவது காத்துட்டிருப்பாங்க."

"இருக்கட்டும் சிஸ்டர். நீங்க கிளம்பலையா?"

"நான் எங்க கிளம்பறது? ஆளு இல்லையே." ஜன்னல் பக்கம் திரும்பினாள். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுட்டு நிப்பா. நான் முனை திரும்பற வரைக்கும் நிப்பா."

சின்ன சிஸ்டரின் கை விரிப்பிலேயே நின்றுவிட்டது. "நீங்க திரும்பிப் பார்க்க மாட்டீங்களா சிஸ்டர்?"

"திரும்பிப் பார்த்தா எப்படிம்மா போறது?" என்றாள் பெரிய சிஸ்டர், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "ஒரே ஒரு தடவை பார்த்தாலும் அப்புறம் காலு நகராது."

வார்டு பாய் ட்ராலியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போம்மா. இருட்டப் போகுது."

"வரேன் சிஸ்டர்."

"நாளைக்காவது நேரத்துக்கு வா."

சின்ன சிஸ்டர் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். நாலு வீடு தாண்டியதும் நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

தெருமுனை கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது. அன்றைக்குச் சமையல் ரொம்ப நேரம் தாமதமானது.